இருபத்தெட்டு அங்குலம்

தச்சர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு
நானே செய்கிறேன் என்று சொன்ன வாய் என்னுடையது.
மே மாதம். பள்ளி ஆய்வகத்துக்குப் பூட்டு.
சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு, முதல் மாடி,
படுக்கையறையின் மேற்குச் சுவர்,
மதியத்தில் கை வைத்தால் தோசைக்கல்.

சகாயமேரியின் புடவைகள் கட்டிலுக்கு ஏறின.
நாங்கள் தரைக்கு இறங்கினோம்.

எட்டுக்கு நாலு பிளைவுட்
படிக்கட்டு வளைவில் திரும்பவில்லை.
கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தவர் எட்டிப் பார்த்தார்.
லுங்கி, தோளில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு.
அசித் மண்டல். பாங்குராவுக்குப் பக்கம் ஏதோ ஊர்.
அவர் தூக்கிக் கொடுக்க, நான் இழுக்க,
கயிற்றில் பால்கனி வழியாக ஆறு பலகைகள்.
தமிழில் அவருக்கு மூன்று சொற்கள்:
தண்ணி, டோக்கன், எவ்ளோ.
ஆஸ்பத்திரி கற்றுக்கொடுத்தவை.

உள்ளே அவர் மனைவி ரேபா.
கரண்டு வைக்கிறார்களாம்,
மேரி விசாரித்துக்கொண்டு வந்தாள்.
அதன்பின் என் ரம்பத்துக்கும் ஆஸ்பத்திரி நேரம்தான்.
பத்தரைக்கு அவர்கள் ஆட்டோ தெருமுனையில் திரும்பினால்
சுவிட்சைப் போடுவேன்.
ஒன்றரைக்கு கேட் சத்தம், நிறுத்துவேன்.
மாலையில் ஓசையில்லாத வேலை:
உப்புத்தாள், ஃபெவிகால், மைக்கா.
ரேபா தூங்கியதும் அசித் மேலே வந்து
டேப்பின் மறுமுனையைப் பிடிப்பார்.

சுவர் நேராக இல்லை.
மேலே ஓர் அளவு, இடுப்புயரத்தில் ஒன்று, தரையில் ஒன்று.
மூலைமட்டத்தை வைத்தால்
இடைவெளியில் என் சுண்டுவிரல் போகும்.
நடுத்தட்டுக்கு அவரே அளந்து
சுவரிலேயே பென்சிலால் எழுதிவிட்டுப் போனார்.
இருபத்தெட்டு.
மறுநாள் அறுத்துப் பொருத்தினால்
நான்கு அங்குலம் வெளியே நிற்கிறது.
ஹவுசிங் போர்டு கான்ட்ராக்டரின் பரம்பரையைத் திட்டிக்கொண்டே
மிச்சத்தை வெட்டினேன்.
பலகை நீண்டால் மன்னிப்பு உண்டு,
குறைந்தால்தான் கிடையாது.

"இன்னாய்யா, அலமாரி வருமா,
இல்ல சுவரே போயிடுமா?"
மேரிக்கு முதுகு வலி ஆரம்பித்திருந்தது.

ஒருநாள் அசித்திடம் காலண்டரைக் காட்டி
விரல்களை மடக்கிக் கேட்டேன்,
இன்னும் எத்தனை நாள்?
பலகைத் துண்டு ஒன்றில் எழுதிக் காட்டினார்.
எட்டு.
அப்படியானால் கதவுகள் கடைசியில்.
அவர் பிடிப்பார், நான் கீல் முடுக்கலாம்.
மேரி ஏழாம் நாளுக்கு
மீன்காரரிடம் கட்லா சொல்லிவைத்தாள்.

ஐந்தாம் நாள் கீழ்வீட்டுக் கதவில் பூட்டு.
விடியுமுன்னே காட்பாடிக்கு ஆட்டோ போச்சு
என்றார் பால்காரர்.
இனி எந்த நேரமும் அறுக்கலாம்.
அன்று முழுக்க ரம்பத்தைத் தொடவில்லை.
அதன்பின் செங்கலை முட்டுக்கொடுத்து
தனியாகவே கதவு மாட்டினேன்.
வலது கதவு இன்றும் உரசுகிறது.

ஜூலையில் கண் காட்ட ஆஸ்பத்திரி போனவன்
பசிக்கு எதிர்ச்சந்து வங்காளி மெஸ்ஸில் நுழைந்தேன்.
விலைப்பட்டியல் அவர்கள் எழுத்தில்.
லுச்சிக்கு எண்பது என்று படித்து நூறு நீட்டினேன்.
அறுபது திரும்பி வந்தது.
தப்பு தம்பி, என்று இரண்டு பத்துகளைப் பிடித்துக்கொண்டு
மீதியை நீட்டினேன்.
கல்லாவில் இருந்த பையன்
பட்டியலில் அந்த எண்ணைத் தட்டி
நான்கு விரலை விரித்தான்.

லுச்சி ஆறிப்போனது.

எங்கள் அலமாரிக்கு முதுகுப்பலகை இல்லை, சுவர்தான்.
புடவைகளை ஒதுக்கினால் பென்சில் தெரியும்.
டிசம்பரில் பெயின்ட் அடிக்கும்போது
மேரி ஈரத்துணியோடு நின்று கேட்டாள்:
"இந்த இருபத்தெட்ட அழிச்சிடவா?"

இருபத்திநாலு, என்றேன்.