புளிச்சட்னி

அஷோங் கடையை மூடி மூன்று புயல்காலம் ஆகிறது.
மகன் பெர்த்தில்; அப்பனையும் கூட்டிப்போய்விட்டான்.
பலகையில் சிவப்பு எழுத்து மட்டும்
உப்புக்காற்றில் உரிந்துகொண்டிருக்கிறது.
போனுக்குள் இருக்கும் சாட்பாட் இன்னும் சொல்கிறது:
மாயேபூரில் நூடுல்ஸ் என்றால் அஷோங்.

திங்கள் சந்தையன்று
பதினோரு பேர் என்னிடம் வழி கேட்டார்கள்.
பதினோரு பேருக்கும் பூட்டைக் காட்டினேன்.
அவர்கள் முழங்கைக்குப் பக்கத்தில்தான்
என் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது.
ஒருவர் குனிந்து முகர்ந்தார்,
கண்கூட லேசாக மூடியது,
பிறகு திரையிடம் கேட்டார்.
திரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு
புளூ பே பக்கம் ஏதோ ஓட்டலுக்கு அனுப்பியது.
மூக்கு போட்ட மனுவை
விரல் தள்ளுபடி செய்துவிட்டது.

இருபத்தாறு வருடமாய்க் காத்தோ பிமா சுடுகிறேன்.
ஊறிய பருப்பு, பச்சை மிளகாய், வெங்காயத்தாள்.
ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவி
சூட்டோடு நாலு வைத்து அழுத்தினால்
பஸ் டிரைவர்களுக்குப் பொழுது விடியும்.
அவர்களில் ஒருவராவது
என்னைப் பற்றி எங்கேயாவது எழுதிப்போட்டிருப்பாரா?
ஏப்பம் விடுவார்கள். வண்டியை எடுப்பார்கள்.
அந்த ஏப்பத்தை எந்த இயந்திரம் படிக்கும்?

அன்று இரவு, மீன்கார ஜோஸ்லினின் மகளிடம்
போனை வாங்கி நானே கேட்டேன்,
பிரெஞ்சில், மரியாதையாக:
மாயேபூரில் நல்ல காத்தோ பிமா எங்கே?
அஷோங், என்றது.
அந்த மனிதர் ஆயுளில் பருப்பை ஊறவைத்தவர் இல்லை.
சரி, 'ஷே உமாவதி' எப்படி?
ஆகா, அருமையான தேர்வு, என்றது.
உள்ளூர்க்காரர்கள் கொண்டாடும் வண்டிக்கடை,
குறிப்பாக அந்தப் புளிச்சட்னி.

என்னிடம் புளிச்சட்னி கிடையாது.
தக்காளி, கொத்தமல்லி, அவ்வளவுதான்.
போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிரித்தேன்.
தூங்கப் போகும்வரை சிரிப்பு வந்தது.
அப்புறம் வரவில்லை.

வியாழக்கிழமை ஒரு ஜோடி வந்தது,
தோளெல்லாம் வெயிலில் சிவந்து.
பூட்டைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம்.
உமாவதி? என்றாள் அந்தப் பெண்.
இருபத்தாறு வருடத்தில் முன்பின் தெரியாதவள் வாயில்
முதல்முறையாக என் பெயர்.
அடுத்து அவன் கேட்டான்: புளிச்சட்னி?

தீர்ந்துவிட்டது, என்றேன்.
நாளைக்கு வாருங்கள்.

சந்தை மூடுவதற்குள் ஓடிப்போய்
கால் கிலோ புளி வாங்கினேன்.
முதல் கரைசல் பல் கூசியது.
இரண்டாவதில் வெல்லம் மிஞ்சிவிட்டது.
மூன்றாவதை நாக்கில் வைத்தபோது
கடவுளே, நன்றாகவே இருந்தது.

காலையில் டிரைவர் வீராப்பென்
ரொட்டியைக் கடித்துவிட்டு நிறுத்தினார்.
விரலை நக்கினார். என்னைப் பார்த்தார்.
இது என்ன புதுசா?

புதுசா? எப்போதும் இருப்பதுதான், என்றேன்,
கண்ணை எண்ணெயிலிருந்து எடுக்காமல்.