வெட்டவா, மடிக்கவா

திங்கட்கிழமை காலை
ஷட்டரை முழுசாகத் தூக்குமுன்
கை ஒன்று உள்ளே நீளும், பையோடு.
ஞாயிறு மார்க்கெட்டில்
காந்தி வீதி நடைபாதையில்
பொறுக்கி எடுத்த பேன்ட்.
"நூத்தம்பது ரூபா பேன்ட்டுக்கு
எண்பது ரூபா கூலியா?"
பதில் என்னிடம் உண்டு.
பதினோரு வருஷமாகச் சொல்லவில்லை.
சீட்டில் எண் போட்டுக் கிழித்துக் கொடுப்பேன்.

தையற்கடை என்கிறார்கள்.
பாதிப் பொழுது பிரிப்பதுதான்.
எங்கேயோ யாரோ அவசரத்தில் ஓட்டிய தையலை
வேதவல்லி ஒவ்வொன்றாகக் கிளறி எடுப்பாள்.
அவள் புடவையில் எப்போதும் நூல் துண்டுகள்.
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி
தட்டிவிடத் தட்டிவிடத் தீராதாம்.

முத்தியால்பேட்டையில் ஏழடிக்கு ஒன்பதடி.
ட்ரையல் ரூம் என்பது
ஒரு மூலையும் ஒரு திரையும்.
உள்ளே வயிற்றை எக்குவது வெளியே கேட்கும்.
"மூச்சை விடுங்க" என்பேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு கொடுத்த அளவு
மதியச் சாப்பாட்டுக்குப் பின் திரும்பி வரும்.

சனிக்கிழமையென்றால் சென்னைப் பையன்கள்.
கடற்கரைப் பாறையில் சறுக்கி
டவலோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான் ஒருவன்.
"முட்டியில கிழிஞ்சது வாங்கும்போதே இருந்தது, அக்கா.
பின்னாடி மட்டும்."

எல்லாரிடமும் ஒன்று கேட்பேன்:
மிச்சத்தை வெட்டவா, மடிக்கவா?
பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள்
கேட்குமுன்பே மடிக்கச் சொல்வார்கள்.
மூன்று வருஷம் வரவேண்டுமே அந்தப் பாவாடை.

தனக்கோட்டி காரைக்கால் பஸ் கண்டக்டர்.
அளவு நோட்டில் அவருக்கு ஒரு பக்கம்.
பொங்கலுக்கு முன்னால் முப்பத்தெட்டு.
மே மாசம் முப்பத்தாறு.
ஆகஸ்ட் கடைசியில் முப்பத்து மூன்று,
அதை அடித்து, முப்பத்திரண்டரை.
"வாக்கிங் போறேன்" என்றார்.
நான் கேட்கவேயில்லை.
பெல்ட்டில் ஆணியால் குத்திய ஓட்டை ஒன்று,
அதைத் தாண்டி இன்னொன்று.

"வெட்டிடுங்க. இனிமே ஏறாது."
சரி என்றேன்.
வெட்டவில்லை.
பின்தையலில் அத்தனை துணியையும்
உள்ளே மடித்து, பெரிய தையலாக ஓட்டி,
பெட்டி போட்டு அழுத்தினேன்.
உட்கார்ந்தால் கொஞ்சம் உறுத்தும்.
உறுத்தட்டும்.

எண் 214. டெலிவரி வெள்ளி.
வெள்ளி வரவில்லை, அடுத்த வெள்ளியும்.
போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப்.
மழை வந்தது. படிவரை தண்ணீர்.
கீழ்த்தட்டுத் துணியையெல்லாம் மேஜைமேல் ஏற்றினோம்.
காக்கி மட்டும் கொக்கியிலேயே தொங்கியது.

வேதவல்லி பஸ்ஸில் விசாரித்து வந்தாள்.
"ஜிப்மர்ல சேத்திருக்காங்களாம்" என்று தொடங்கினாள்.
நான் ஓவர்லாக் மெஷினை ஓட்டினேன்.
கடையில் சத்தம் போடுவது அது ஒன்றுதான்.

மூன்று மாதத்துக்குள் வாங்காத துணிக்கு
கடை பொறுப்பல்ல என்று போர்டு இருக்கிறது.
என் கையெழுத்துதான்.
காக்கியை இரண்டு முறை தூசி தட்டினேன்.

தை மாதம், ஒரு செவ்வாய், கரண்ட் இல்லை.
வாசல் வெளிச்சத்தில் கைத்தையல்.
துணிமேல் நிழல் விழுந்தது.
"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன் நிமிராமல்.
நிழல் தள்ளி நின்று சீட்டை நீட்டியது.
மடிப்பில் கிழிந்து நாலாகியிருந்தது சீட்டு.

தலையில் முடி இப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது.
"எண்பதா? போன தடவ எழுபதுதானே?"
கண்டக்டரிடம் சில்லறை இல்லையாம்.
பத்து ரூபாய்க்குக் கால் மணி நேரம்.
தீபாவளிக்கு முன்னாலிருந்தே எண்பதுதான் என்றேன்,
நூல் விலையைச் சொன்னேன்,
பஸ் டிக்கெட் ஏறவில்லையா என்று கேட்டேன்.
குரல் எனக்கே ரொம்பப் பெரிதாகக் கேட்டது.
வேதவல்லி என்னை முறைத்தாள்.
குறைக்கவில்லை.

திரைக்குப் பின்னால் போட்டுப் பார்த்தார்.
"உள்ள என்னமோ உறுத்துதே?"
"இருக்கட்டும்" என்றேன்.