வெள்ளி, மாலை நாலு மணி

தலைநகரில் அமைச்சர் எழுந்து நிற்கிறார்.
சுங்கை கெலுபி மாவட்ட மன்றத்தில்
மூன்றாம் முகப்பை நான் இன்னும் மூடவில்லை.

சுவர் டிவியில் பில்லியன்கள்.
ஒன்றுக்குப் பின்னால் எத்தனை சுழி என்று
ருஸ்லான் விரல்விட்டு எண்ணி, பாதியில்
தேநீர் கலக்கப் போய்விட்டார்.
பற்றாக்குறை, என்கிறார் அமைச்சர்,
வானிலை வாசிப்பவர் மழை என்பதுபோல.
குறைந்தால் அங்கே கடன்பத்திரம் உண்டு.
எங்களுக்குக் குறைந்தால்
மாதம் இருமுறை வெட்டும் புல் ஒருமுறை ஆகும்.
பாம்பு வரும்.
புகார் வரும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செங்கேணி,
பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அப்பம் சுடுகிறவர்.
மைலோ டின்னைக் கவிழ்க்கிறார்.
அரையாண்டு வாசல்வரி பாக்கி,
நாற்பத்தெட்டு வெள்ளி அறுபது சென்.
எல்லாம் இருபது சென் காசு, தேங்காய்ப்பால் பிசுக்கோடு.
எண்ணுகிறேன்.
அமைச்சர் மூச்சு வாங்காமல் ஒரு பில்லியனைத் தாண்டுகிறார்.
நான் நூற்று எழுபதில் தடுமாறி
மறுபடி ஒன்றிலிருந்து.

"நம்ம பேரு அதுல வருதாம்மா?"
வருகிறது அண்ணே, 'இதர' என்ற சொல்லுக்குள்.
சொல்லவில்லை.

அவர் கேட்டது ஒரு விளக்கு.
பாலம் தாண்டி, பள்ளிக்கூட வளைவில்,
மகள் இரவு ஷிப்ட் முடிந்து மோட்டாரில் திரும்பும் இடத்தில்.
கோப்பு என்னிடம்தான்.
பாலம் வரை மன்றத்து நிலம்.
வளைவு செம்பனைத் தோட்டத்துடையது, தனியார்,
மன்றப் பணம் அங்கே ஒரு கம்பம் நடக்கூடாது.
மாநிலத்துக்கு எழுதினோம்.
மாநிலம் அமைச்சுக்கு எழுதியது.
அமைச்சு, உள்ளூர் விவகாரம் என்று எங்களுக்கே எழுதியது.
மூன்று முத்திரை, மூன்று நிற மை.
இருட்டு எந்த லாட் எண்ணிலும் பதிவாகவில்லை.

எங்கள் பட்ஜெட் கூட்டம் போன மாதமே முடிந்தது.
ஒளிபரப்பு இல்லை.
நாங்கள் ஓட்டுப்போட்டு அனுப்பாத உறுப்பினர்கள்,
ஒரு தட்டு கறிபாப், இரண்டு மணி நேரம்.
பக்கம் முப்பத்தொன்று, விளக்குப் பராமரிப்பு:
'பாலம் வரை' என்று தட்டச்சு செய்தவள் நான்தான்.
கம்பம் இந்தக் கரையிலேயே நிற்கட்டும்,
கொஞ்சம் உயரமாய்,
கையை மட்டும் வளைவுப் பக்கம் நீட்டிக்கொண்டு
என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.
மாநிலம் இன்னும் அழிக்கவில்லை.
படிக்கவில்லையோ என்னவோ.

இருநூற்று நாற்பத்து மூன்று காசு. சரி.
ரசீது கிழிக்கிறேன்.
திரையில் எல்லோரும் மேசையைத் தட்டுகிறார்கள்.
செங்கேணி டின்னைத் தட்டிப் பார்க்கிறார்,
அடியில் இன்னும் ஒன்று ஒட்டியிருக்கிறதா என்று.