நாற்பத்திரண்டு நொடி

ஷூவின் மேல்தோலுக்கு ஒரு சுற்றுத் தையல்:
நாற்பத்திரண்டு நொடி.
என் முதுகுக்குப் பின்னால் நின்று
தணிகைவேல் சாரின் ஸ்டாப்வாட்ச் சொன்னது.

நூல்கண்டை இடப்பக்கம் மாற்றினேன்.
கத்தரியை விரலைவிட்டுக் கழற்றவே இல்லை.
முப்பத்தாறு.
கைதட்டினார்கள், லட்டு கொடுத்தார்கள்.
திங்கட்கிழமை போர்டில்
மணிக்கு எண்பது என்பதை அழித்துத்
தொண்ணூற்றைந்து என்று எழுதினார்கள்,
எல்லோருக்கும்.
அன்று ஷாகிரா என்னோடு சாப்பிடவில்லை.

வீட்டிலும் கணக்குப் போட்டேன்.
குடம் நிரம்புவதற்குள் வெங்காயம்,
மூன்றாவது விசிலுக்குள் சின்னவளுக்கு ஜடை,
ஆற்காட்டில் ஆறு ஐம்பதுக்கு
சிப்காட் பஸ்.
ஜடையை முந்தின இரவே பின்னிவிட்டால்
பதினொரு நிமிடம் மிச்சம்.

யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் அதற்கும் ஒரு போர்டு மாட்டுவார்கள்:
மாமனாருக்கு வெந்நீர்,
அவர் சட்டைக்கு இஸ்திரி,
உனக்குத்தான் நேரமிருக்கே.

பஸ் ஸ்டாண்டு டீக்கடை ஓரம்
ஒரு சிமெண்ட் பெஞ்ச்.
டீயை ஆறவிடாமல்
அவசரப்படாமலும் குடிக்கலாம் என்பது
முப்பத்தொரு வயதில் தெரிந்தது.

நேற்று அங்கே ஷாகிரா உட்கார்ந்திருந்தாள்.
எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று
நான் கேட்கவில்லை.
அவளும் கேட்கவில்லை.
நகர்ந்து இடம் விட்டாள்.

பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது சொன்னேன்:
என் கை இப்போது முப்பத்து நான்கு.
ஐயோ, என்றாள்.
பயப்படாதே,
சார் பக்கத்தில் வரும்போதெல்லாம்
எனக்கு நூல் அறுந்துவிடுகிறது.