செயப்பாட்டுவினை

பகலில் நான்
மீனாட்சிபுரம் சாவடியில் பால் சோதிக்கிறவள்.
மாலை ஆறரைக்கு மேல்
டயர் கடை மாடியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவள்.
இரண்டுக்கும் ஒரே சிவப்புப் பேனா.

ஒன்பதாம் வகுப்பு, பதினோரு பேர்.
வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம்,
பரீட்சையில் இங்கிலீஷ்.
மூன்றிலும் திட்டத் தெரியும்,
ஒன்றில் மட்டும் மன்னிப்புக் கேட்கத் தெரியும்:
சாரி மிஸ்.

முந்தாநாள் இலக்கியம்.
கப்பல் கவிழ்ந்து தீவில் ஒதுங்கினவன்
மனைவிக்குக் கடிதம் எழுதி எழுதிக்
கிழித்துப்போடும் கதை.
மையக்கருத்து என்ன?
திவின் எழுதியிருந்தான்: அங்கே ரேஞ்ச் இல்லை.
அரை மார்க் போட்டேன்.
ராத்திரி படுத்த பிறகு யோசித்து
எழுந்து வந்து முழு மார்க்காகத் திருத்தினேன்.

நேற்று விவாதக் கட்டுரை.
இரண்டு பக்கமும் எழுது,
அப்புறம் ஒரு பக்கம் நில் என்றேன்.
அஜ்மல் இரண்டு பக்கமும் எழுதினான்,
தாளின் முன்னும் பின்னும்.
நிற்கத்தான் இடமில்லை.

இன்று ஆக்டிவ், பாசிவ்.
தி டோர் வாஸ் ஓபன்ட். கதவு திறக்கப்பட்டது.
திறந்தது யார்?
தெரியாவிட்டால் இப்படி எழுதலாம்.
தெரிந்தும் சொல்ல மனமில்லாவிட்டாலும் எழுதலாம்.
தமிழிலும் 'படு' என்று ஒன்று உண்டு,
வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை,
ஆபீஸ்கள்தான் அதை வைத்துப் பிழைக்கின்றன என்றேன்.
சிரித்தார்கள். மிருதுளா சிரிக்கவில்லை.
சொந்தமாக இரண்டு வாக்கியம் பாசிவில் எழுதி
ஆக்டிவுக்கு மாற்றுங்கள்.

அவள் அப்பா ஆறுச்சாமி.
ஆனைமலைப் பக்கம் தொழுவம் தொழுவமாகப் பால் எடுத்து
ஏழு கேன், ஒரு பழைய ஆப்பே வண்டி,
கொழிஞ்சாம்பாறை டீக்கடைகள் வரைக்கும்.
ஓணத்துக்கு நாலு நாள் முன்னால்
லாக்டோமீட்டர் அவர் பாலில்
கூச்சமில்லாமல் மூழ்கியது.
'இன்னொருக்கா பாருங்க மிஸ்.'
மகளுக்கு மிஸ், அதனால் அவருக்கும் மிஸ்.
இன்னொருக்கா பார்த்தேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
சாம்பிள் வாஸ் டெஸ்டட். மில்க் வாஸ் ரிட்டர்ன்ட்.
கையெழுத்துக்கு அங்கே வேலையில்லை,
ரப்பர் ஸ்டாம்ப் போதும்.

மிருதுளாவின் நோட்டு கடைசியாக வந்தது.
வாட்டர் வாஸ் ஆடட் டு தி மில்க்.
தி மில்க் வாஸ் சென்ட் பேக்.
ஒரு வரி விட்டு,
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு:
மை ஃபாதர் ஆடட் வாட்டர் டு தி மில்க்.
மிஸ் சென்டட் பேக் தி மில்க்.

கீழே யாரோ லாரிக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.
அது முடிகிற வரைக்கும்
தப்பைத் தேடுகிறவள் போல
நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒன்றே ஒன்றுதான் இருந்தது.
சென்டட் என்பதை அடித்து
மேலே சென்ட் என்று எழுதினேன்.
இது விதிக்குள் வராத வினை,
மனப்பாடம்தான் செய்யணும்.
'சரிங்க மிஸ்.'
மேலே சரியா எழுதிட்டுக் கீழே ஏன் தப்பு விட்டாய்
என்று கேட்க வந்து, கேட்கவில்லை.
வாட்டருக்கு முன்னால் தி போடலையே, ஏன் என்றேன்.
'எந்தத் தண்ணின்னு யாருக்குத் தெரியும் மிஸ்.'

செருப்பை மாட்டிக்கொண்டே
படியில் திரும்பினாள்.
'இந்த மாச ஃபீஸ் அப்பா வர்ற வாரம் தருவாருங்க.'
எழுவாய் இருந்தது. பயனிலை இருந்தது.
காலம் மட்டும் எதிர்காலம்.

காலையில் முதல் டேங்கர்.
பதிவேட்டின் கட்டத்தில்
ஐ என்று தொடங்கினேன்.
ஒற்றை எழுத்துக்கு
அந்தக் கட்டம் அவ்வளவு பெரிதாக இருந்தது.
பேனாவை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.
டேங்கர்க்காரர்
ஹாரன் அடித்தார்.