முப்பத்தியொரு ஃபிரேம்

ஆரப்பாளையத்தில் பதினொன்றரைக் காட்சி.
போஸ்டரில் படத்தின் பேரைவிட
'ஏ' பெரிசு.
பேர் வாராவாரம் மாறும்.
நடுவில் நான் சேர்த்து ஓட்டுகிற பிட்டு மாறாது.

ஒரு தகர டப்பாவில் நாலரை நிமிடம்.
மூடியில் மேனேஜர் ஒச்சு
சாக்பீஸால் எழுதியிருந்தான்: பக்திப்படம்.
பருத்திக்கொட்டைச் சாக்குக்குள் இறக்கி
சைக்கிளில் கட்டிச் செல்லூர் போவேன்.
அங்கே இடைவேளைக்கு முன்னால்,
இங்கே இடைவேளைக்குப் பின்னால்.
வைகையில் தண்ணி வந்து தரைப்பாலம் முங்கினால்
யானைக்கல் சுற்றித்தான் வரணும்.
அன்றைக்கு இங்கே நாற்காலி உடையும்.

கட்டில். சுவரில் ஒரு காலண்டர்,
ஜூன் ஒன்பதுக்கு மேல் யாரும் கிழிக்கவில்லை.
ஓர் ஆணின் முதுகு.
அப்புறம் அவள்.
மூக்கில் துளை இருந்தது, மூக்குத்தி இல்லை.
வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்திருப்பாள்.

பிந்தி வருகிறவன் கதவைத் திறப்பான்.
வெயில் ஒரு பட்டையாய் நீண்டு
திரையில் அவள் தோளில் விழும்.
"கதவச் சாத்துடா!"
நானூறு பேர் கத்துவார்கள்.

ஒவ்வொரு நாளும் பிளேடால் அறுத்து
சிமெண்ட் தடவி ஒட்டணும்.
ஒரு ஒட்டுக்கு ஒன்றோ இரண்டோ ஃபிரேம் போகும்.
எனக்குத் தெரிந்தே
கொஞ்சம் கொஞ்சமாய்த் தேய்ந்துகொண்டிருந்தாள்.

மூன்றாவது நிமிடத்தில் திரும்புவாள்.
கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கிற யாரையோ பார்த்து
ஏதோ கேட்பாள்.
உதடு அசையும்.
சத்தம் வேறெந்தப் படத்து ஆர்மோனியமோ.

அந்த இடத்தில் விசில் நின்றுபோகும்.
யாராவது இருமுவார்கள்.
பீடி கைமாறாமல் அப்படியே கனியும்.

ஒச்சு மாடியேறி வந்தான்.
"அத வெட்டிருய்யா. மூடு போகுதுங்குறாய்ங்க."

வெட்டினேன். எண்ணினேன். முப்பத்தியொன்று.
இருபத்துநாலு சேர்ந்தால் ஒரு நொடி என்று கணக்கு.
கூடையில் எறியக் கை வரவில்லை.
மூக்குப்பொடி டப்பாவில் சுருட்டி வைத்தேன்.
மறுநாள் விசில் அறுபடவே இல்லை.

சித்திரைத் திருவிழா பத்து நாளும்
நிஜமாகவே பக்திப்படம் ஓட்டுவோம்.
பழக்கத்தில் வந்த சிலபேர்
போஸ்டரைப் பார்த்துத் தலை சொறிந்துவிட்டு
தங்கரீகல் பக்கம் நடப்பதுபோல் நடப்பார்கள்.

எண்பத்தொன்பதில் ரெய்டு.
சாட்சிக்கு என்று ஒருதடவை ஓட்டச் சொல்லி
முன்வரிசையில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார்கள்.
பிறகு ஸ்டேஷன் கொல்லையில் தீ வைத்தார்கள்.
பற்றி எரியவில்லை. சுருண்டு, உருகி,
கறுப்பாய் ஒரு கட்டி.

எனக்குப் பதினேழு நாள்.
ராக்கு வாசலில் வேப்பிலை செருகி
வீட்டுக்காரருக்கு அம்மை என்று சொல்லிவிட்டாள்.
ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை.
திரும்பி வந்த என்னை அவளும் ஒன்றும் கேட்கவில்லை.
தழும்பு எங்கே என்று தெருதான் கேட்டது.

தியேட்டர் இப்போது டைல்ஸ் கடை.
போன மாதம் வெள்ளையடிக்கப் பரண் இறக்கியபோது
டப்பா அவள் கையில் சிக்கியது.
சுருளை நீட்டி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள்.
ஏச்சு விழும் என்று நின்றேன்.
கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

"இவ என்ன கேக்குறா?"

"தெரியாது. சத்தமில்லாத பிட்டு."

பெருவிரலால் ஒவ்வொரு கட்டமாய் நகர்த்தினாள்.
படத்தில் இருந்தவளின் உதட்டோடு
தன் உதட்டையும் சேர்த்து அசைத்தாள்.
முதலிலிருந்து மறுபடி.
குக்கர் மூன்று விசில் அடித்தது, நகரவில்லை.

"கதவச் சாத்தியாச்சான்னு கேக்குறா."

சுருளை மடக்கி டப்பாவில் போட்டு
தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.
சாவி அவள் இடுப்பில்.
நான் கேட்கவில்லை.