ஏழாவது வரி

உலான்பாத்தர். மூன்றாம் மாடி.
மார்ச் மாதத்துப் புழுதி சன்னலைச் சுரண்டுகிறது.
பதினோரு பேர் உட்கார்ந்து
ஒரு நாட்டின் வாய்க்குப் பத்து வரி எழுதுகிறோம்.
நான் கூட்டக் குறிப்பு எடுப்பவள்,
எனக்கு வாக்கில்லை.

தண்ணீர் குடியுங்கள், நடங்கள்:
இவற்றில் யாருக்கும் சண்டையில்லை.
ஐந்தாவது வரியில் காய்கறி வந்ததும்
கால்நடைத் துறை கோம்போசுரேன்
மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.
"நம் மொழியில் அதற்கும் பசும்புல்லுக்கும் ஒரே பெயர்.
புல்லை ஆடு தின்கிறது, ஆட்டை நான் தின்கிறேன்.
இடையில் நான் வேறு எதற்கு மேய வேண்டும்?"
சிரிப்பைக் குறிப்பில் ஏற்றுவது வழக்கமில்லை.
ஏற்றினேன்.

பிறகு படம்.
தட்டு வேண்டாம், நாம் கிண்ணத்தில் உண்பவர்கள்.
கூடாரம் வரையலாம் என்றார் ஒருவர்:
தரையில் தானியம், சுவரில் பால், நடுவில் இறைச்சி.
கொழுப்பு எங்கே?
"புகைபோக்கியில் வையுங்கள், தானே போய்விடும்."
அன்று அதோடு கலைந்தோம்.

ஏழாவது வரி உப்பு.
*நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.*
மக்களுக்குப் புரிகிறதா என்று பார்க்க
வரைவைத் தூக்கிக்கொண்டு தெற்கே போனோம்,
கோபியின் விளிம்புக்கு,
பாதி வழிக்கு மேல் சாலையே இல்லை.

நாங்கள் யாரென்று கேட்குமுன்
கிண்ணம் கைக்கு வந்தது.
பாலும் தேயிலையும் உப்பும் கொதித்த தேநீர்.
குடித்துவிட்டுத்தான் வாசித்தேன்.

துல்மா யோசித்தாள்.
"தேக்கரண்டி ஒன்றுதான் இருக்கிறது.
பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எடுப்போம்."
உப்பு?
அவள் உள்ளங்கையைக் குழித்துக் காட்டினாள்.
"ஒரு ஆளுக்கு எவ்வளவு?"
"ஆளுக்கா? பானைக்கு.
இன்றைக்கு எத்தனை பேர் குடிப்பார்களென்று
பானைக்கு எப்படித் தெரியும்?
நீங்கள் ஆறு பேர் வருவீர்களென்று
எனக்கே தெரியாது."

மருத்துவர் சர்னை சின்னத் தராசை விரித்தாள்.
அந்தக் கை நான்கு முறை கவிழ்ந்தது.
ஏழு கிராம். ஆறு. ஏழு.
"விருந்தாளி வந்தால்?"
பன்னிரண்டு.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பார்கள்.
உப்பைக் குறைக்கச் சொல்லி வந்தவர்களை?

அடுப்புக்கு அப்பால் அவள் கணவர்
வலக்கையை மடியில் கிடத்தியிருந்தார்,
யாரோ கொடுத்து வைத்த பொருள் போல.
போன இலையுதிர் காலத்தில்
சேணத்தில் கால் வைத்தவர்
குதிரைக்கு அந்தப் பக்கம் சரிந்தாராம்.
துல்மா கரண்டியால் தேநீரை
மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே,
எங்களைப் பார்க்காமல்,
"அது உப்பாலா?" என்றாள்.

சர்னை உடனே பேசவில்லை.
வெளியே ஒட்டகம் ஒன்று கனைத்தது.
"உப்பாலும்" என்றாள்.

அந்த ஒரு *உம்*.
வயதாலும், குளிராலும், கொழுப்பாலும்,
மருத்துவமனை இருநூறு கிலோமீட்டர்
தள்ளி இருப்பதாலும்.
எங்கள் பத்து வரியில்
அது நுழைய எங்கும் இடமில்லை.

நகரத்தில் மூன்று கூட்டம்.
உள்ளங்கை அளவையாகாது என்றார்கள்;
யாருடைய உள்ளங்கை என்றார்கள்.
கடைசியில் ஆறுக்கு ஐந்தில் தேறியது:
*தேநீரை முதலில் உப்பின்றிக் காய்ச்சுங்கள்.
சுவைத்துப் பார்த்து, பாதிக் கை போடுங்கள்.
விருந்தாளி வந்தாலும்.*
கடைசிச் சொற்களைச் சேர்த்தவர் கோம்போசுரேன்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.
அன்று அவர் தேநீரைத் தொடவில்லை என்பதை
நான் மட்டும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை அச்சகத்திலிருந்து அழைத்தார்கள்.
ஓரத்தில் பென்சிலால் ஏதோ எண்கள்,
ஏழு, ஆறு, ஏழு, பன்னிரண்டு,
இவையும் அச்சில் வர வேண்டுமா?
வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து நானே திரும்ப அழைத்தேன்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.